மூன்றாவது பொட்டலம்

திருச்செங்கோடு
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள டெபோரா அக்கா,

இன்று காலை கண் விழித்ததும், வாய்கூடக் கொப்பளிக்காமல், நேற்று வெயிலிலிருந்து எடுத்த கரிக்கட்டிகளில் மூன்றைப் பொறுக்கி வந்து பின்கட்டு அடுப்பில் பற்றவைத்தேன். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒரு ஜெபமாலை சொல்லி முடித்தேன். உனக்கு இது புதிதில்லை. ஆறு வருடமாக என் நாள் இப்படித்தான் தொடங்குகிறது. ஐம்பத்து மூன்று மணியும் விரலைத் தாண்டும்வரை மூக்கில் எதுவும் வரக்கூடாது. மர நெடியோ பெயிண்ட் நெடியோ வந்தால் அந்தச் சரக்கு மூட்டையாகாது. இன்று எதுவும் வரவில்லை. மூட்டையில் கட்டும் சீட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் காப்பி குடித்தேன்.

நீயும் மதரும் மற்ற சகோதரிகளும் சுகம்தானா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்குப் போன மாதம் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். இப்போது நன்றாக இருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் டோனி வழக்கம்போல ரிக் லாரியோடு ராய்ப்பூர் பக்கம் போர்வெல் போடப் போயிருக்கிறார். கிறிஸ்துமஸுக்குத்தான் வருவார்.

மடத்தில் தூபக் கட்டி செய்யப் போவதாகவும், அதற்குக் கரித்தூள் வேண்டும் என்றும், இது எப்படித்தான் செய்கிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். லாரி பாடி கட்டும் பட்டறைகளில் அறுத்து மிஞ்சும் துண்டுகள்தான் எங்களுக்கு மூலப்பொருள். இரும்பு டிரம்மில் அடுக்கி அடியில் தீ வைப்போம். முதலில் வெள்ளைப் புகை வரும், அது ஈரம். பிறகு மஞ்சளாகக் கனத்து வரும், அது மரம் வேகும் நேரம். புகை மெலிந்து நீலமானதும் மூடி போட்டு விளிம்பில் சேறு பூசிக் காற்றை அடைத்துவிட வேண்டும். தாமதித்தால் எல்லாம் சாம்பல். அவசரப்பட்டால் பாதி வெந்த கட்டை. மறுநாள் ஆறிய கரியை அரைத்துச் சலித்து, மரவள்ளிக் கிழங்கு மாவில் கஞ்சி காய்ச்சி ஊற்றிப் பிசைந்து, மெஷினில் அழுத்தினால் நடுவில் துளையோடு ஆறுபட்டைக் கட்டியாக விழும். பிறகு மூன்று நாள் வெயில். கல்லூரியில் வேதியியல் படித்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை கிடையாது என்பார் டோனி.

வாங்குவது பெரும்பாலும் கோழிப்பண்ணைக்காரர்கள். பொரித்து ஒரு நாளான குஞ்சுகளுக்கு இரண்டு வாரம் கதகதப்பு வேண்டும். கொட்டகையைச் சுற்றிப் படுதாவை இறக்கிவிட்டு உள்ளே கரியடுப்பு வைப்பார்கள். அடைத்த இடம் என்பதால் புகையும் நெடியும் இல்லாத கரியாகப் பார்த்து வாங்குவார்கள். அதனால்தான் என் மூக்குக்கு இந்த மரியாதை.

இப்போது புது மரம் குறைவு. பழைய லாரிகளில் பிரித்த பலகைதான் வருகிறது. முதல் நாளிலிருந்து என்னோடு இருக்கும் பாப்பாயியும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்து பெயிண்டைச் சுரண்டுகிறார்கள். சுரண்டிய பிறகுதான் டிரம்முக்குப் போகும்.

ஒரு கிலோ கரித்தூள் பார்சலில் வருகிறது. ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்.

உன் தங்கை
வினோலியா


20 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் ஆண்டவர் தயவில் நலம். என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. கரித்தூள் வந்தது. எங்களுக்கு வரும் கடிதங்களை மதர் முதலில் வாசிப்பார் என்பது உனக்குத் தெரியும். இப்போது அவருக்கும் கரிக்கட்டி செய்யத் தெரிந்துவிட்டது. "உங்க தங்கச்சி நல்லா பாடம் நடத்துறாங்க" என்றார்.

இந்த அடைப்புக்குள் வந்து இருபத்தேழு வருடம். வெளியே போவதில்லை, போன் இல்லை, மாதம் ஒரு கடிதம். அதனால் உன் கடிதத்தை நாலு முறை, ஐந்து முறை வாசிப்பேன். இந்த முறை ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. பழைய கடிதங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போன வருடம் கஞ்சி கொதிக்கும்போது வரும் புளித்த வாடையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். வேப்ப மரத் துண்டு விழுந்தால் புகையே கசக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதத்தில் எல்லாம் நிறமாக இருக்கிறது. வெள்ளை, மஞ்சள், நீலம்.

காய்ச்சல் முழுக்க விட்டதா? மருத்துவரிடம் காட்டினாயா?

அக்கா
டெபோரா


திருச்செங்கோடு
28 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. மழை வந்து இரண்டு தடவை கட்டிகள் நனைந்து, மறுபடி அரைத்து, மறுபடி அழுத்தி, ஒரே ஓட்டம். நான் சுகம். நீ சுகமா? முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா?

காய்ச்சல் எப்போதோ விட்டுவிட்டது. நீ வேலையில்லாமல் என் கடிதங்களை ஆராய்ச்சி செய்கிறாய்.

இங்கே ஒரு வேடிக்கை. முந்தாநாள் காலை நான் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தேன். பாப்பாயி கூடையோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க்கா, இது கண்ணக் கரிக்குதுங்களே. பெயிண்டு நாத்தமாட்ட இருக்குது."

"உனக்கு மூக்கு நீளமாயிடுச்சு. போய்க் கஞ்சியக் கெளறு."

"இல்லீங்க்கா, நெசமாலுமே."

"சீட்டுல கையெழுத்துப் போடறது நீயா, நானா?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். மத்தியானம்வரை கஞ்சி அடுப்பை விட்டு நகரவில்லை. பிறகு அவளாகவே வந்து வெற்றிலை கொடுத்தாள்.

டோனி போனில் பழைய பாட்டையே பாடுகிறார். "உம்பட மூக்க நம்பி ஒரு தொழிலு. நாளைக்குச் சளி புடிச்சா கடைய மூடோணும். மெஷின வித்துப்போட்டு ஊட்டுல இரு." நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். போனை வைத்த பிறகு களத்தில் காய்கிற கட்டிகளைக் காரணமில்லாமல் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தேன். இப்போதெல்லாம் உட்கார முடியவில்லை அக்கா. உட்கார்ந்தால் எதையோ அடுப்பில் வைத்து மறந்த மாதிரி இருக்கிறது.

வினோலியா


15 அக்டோபர் 2025

அன்புள்ள வினோலியா,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே மழை விடாமல் பெய்கிறது. முழங்கால் ஒத்தடத்துக்கு மசியவில்லை.

உன் கரித்தூளில் தூபக் கட்டி செய்து பழகுகிறோம். இதோடு மூன்று சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு. பார்வைக்கு மூன்றும் ஒரே கறுப்புதான். பற்றவைத்துப் பார்த்து, பீடத்துக்கு எது ஏற்றது என்று எழுது. கரி விஷயத்தில் நீ சொல்வதுதான் கடைசி வார்த்தை என்று மதரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

டெபோரா


திருச்செங்கோடு
10 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லாரும் நலம்தானே?

பொட்டலங்கள் வந்தன. மூன்றையும் பற்றவைத்துப் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் காட்டமாக இருக்கிறது. இரண்டு பரவாயில்லை. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. மெல்லிய மணம், மல்லிகை மாதிரி. பீடத்துக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பனி இறங்கத் தொடங்கிவிட்டது. பண்ணைக்காரர்கள் தினமும் போன் செய்கிறார்கள். ராசிபுரம் ரோட்டில் முத்தாயம்மாள் என்று ஒரு அம்மா. கணவர் இல்லை, ஒரே கொட்டகை, கம்பெனிக் குஞ்சு மூவாயிரம் வாங்கி வளர்த்துக் கொடுக்கிறார். ஆறு வருடமாக என்னிடம் மட்டும்தான் கரி எடுக்கிறார். போன வாரம் மொபெட்டில் வந்து மூட்டையை ஏற்றும்போது, "சாமி, உம்பட கரி எரியுதுன்னா நான் கொட்டாய்ல படுத்துத் தூங்கிக்குவேன்" என்றார். அந்த அம்மா போன பிறகும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுபடி பழைய பலகை ஒரு லோடு வந்திருக்கிறது. சுரண்ட ஆள் போதவில்லை.

வினோலியா


24 நவம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

வரும் ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ்வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது. அதனால் இன்றே எழுதிவிடுகிறேன்.

முதல் பொட்டலத்தில் இருந்தது சாம்பிராணியும் சந்தனமும். இரண்டாவதில் யூகலிப்டஸ். மூன்றாவது, நீ எனக்கு அனுப்பிய கரித்தூள். நாங்கள் அதில் எதுவுமே சேர்க்கவில்லை.

எப்போதிலிருந்து, வினோலியா?

டெபோரா


திருச்செங்கோடு
2 ஜனவரி 2026

அன்புள்ள அக்கா,

உனக்கும் மதருக்கும் மடத்தில் எல்லாருக்கும் கிறிஸ்து பிறப்பு, புத்தாண்டு வாழ்த்துகள். உன் கடிதம் வந்தது.

டோனி வந்துவிட்டு நேற்றுத் திரும்பிப் போனார். கேக் செய்தோம். நன்றாக வந்தது என்றார்கள். பனி அதிகம். ஆர்டரும் அதிகம். கொடுத்து மாளவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

வினோலியா


17 ஜனவரி 2026

அன்புள்ள வினோலியா,

உனக்கு என் மேல் கோபம். நியாயம்தான். பொட்டலத்தை வைத்து உன்னைச் சோதித்தது தப்பு என்று எனக்கே பிறகு தோன்றியது. மதரிடமும் சொன்னேன். "கேட்டிருக்கலாமே" என்றார். ஒரு முறை கேட்டேன், அவள் சிரித்து மழுப்பினாள் என்றேன். "ரெண்டாந்தரம் கேட்டிருக்கலாமே" என்றார். 

அதனால் இப்போது இரண்டாம் தரம் கேட்கிறேன். உன் மூக்கைப் பற்றி இல்லை. தினமும் காலையில் அந்த முக்காலியில் உட்கார்ந்து முகர்ந்து பார்ப்பது யார்?

நீ நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

அக்கா


திருச்செங்கோடு
6 பிப்ரவரி 2026

அக்கா,

நலம் விசாரிக்காமல் தொடங்குகிறேன், மன்னித்துவிடு.

ஜூலையிலிருந்து. காய்ச்சல் விட்ட மறுநாள் சோப்பை மூக்கருகே வைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. காப்பி வெந்நீர் மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று நினைத்தேன். பிறகு ஒரு மாதத்தில் என்று. இப்போது நாள் கணக்குப் பார்ப்பதில்லை. டோனியிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே மெஷினை விலை பேசுவார். யாரிடமும் சொல்லவில்லை.

நல்ல கரிக்கு வாசனை கிடையாது அக்கா. அதனால் இந்த ஏழு மாதமும் எனக்கு எல்லாக் கரியும் நல்ல கரியாகவே இருந்தது. தினமும் முக்காலியில் உட்கார்ந்தேன். ஜெபமாலை சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். உட்கார்வதை நிறுத்தினால் பாப்பாயிக்குத் தெரிந்துவிடும் என்று உட்கார்ந்தேன்.

போன மாதம் பத்தொன்பதாம் தேதி முத்தாயம்மாளுக்குக் குஞ்சு வந்தது. அன்றைக்குக் கடும் பனி. படுதாவை முழுக்க இறக்கி ஐந்து அடுப்பு வைத்திருக்கிறார். விடிந்து போய்ப் பார்த்தால் அடுப்பைச் சுற்றி எண்ணூறு குஞ்சு செத்துக் கிடந்திருக்கிறது. அடுத்த இரண்டு நாளில் இன்னும் நானூறு. கம்பெனி சூப்பர்வைசர் குமரன் என்பவர் வந்து பார்த்து, நோய் எதுவும் இல்லை, பராமரிப்பில் குறை என்று எழுதிவிட்டார். இனி அந்த அம்மாவுக்குக் குஞ்சு கிடையாதாம். வேறு கம்பெனிக்காரர்களும் கொடுக்க மாட்டார்கள். அப்படி எழுதிய தாள் எல்லாருக்கும் போய்விடும்.

கரியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பனிதான் காரணமாக இருக்கும் என்று நானும் நினைத்துப் பார்க்கிறேன். இருக்கலாம் அல்லவா?

அந்த அம்மா எடுத்துப்போன சரக்கில் இன்னும் ஒரு மூட்டை என் கொட்டகையில் இருக்கிறது. சீட்டில் ஜனவரி பத்தாம் தேதி என்று போட்டிருக்கிறது. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

வினோலியா


16 பிப்ரவரி 2026

என் கண்ணே,

வரும் சாம்பல் புதனோடு தவக்காலம் தொடங்குகிறது. அதன் பிறகு பாஸ்காத் திருநாள்வரை எங்களுக்குக் கடிதம் இல்லை. நீ எழுதினாலும் மதரின் பெட்டிக்குள் பிரிக்காமல் கிடக்கும். ஏப்ரல் ஐந்தாம் தேதிதான் எல்லாருடைய கடிதமும் வெளியே வரும். இந்த நாற்பது நாளில் உன்னை விட்டுப் போகிறேனே என்றிருக்கிறது. இப்படித் தோன்றியது இத்தனை வருடத்தில் இதுதான் முதல் முறை.

"இருக்கலாம் அல்லவா" என்று என்னைக் கேட்கிறாய். எனக்குத் தெரியாது, வினோலியா. அங்கே பார்க்கக் கண்ணும் முகர மூக்கும் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேள்.

சாப்பிடு. ருசி தெரியாவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடு.

டெபோரா


திருச்செங்கோடு
8 மார்ச் 2026, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

இது உன் கைக்கு வரும்போது பாஸ்கா மணி அடித்திருக்கும். முழங்காலோடு நீ எப்படி அத்தனை நேரம் நின்றாய் என்று அப்போது எழுது. நான் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பத்தாம் தேதி மூட்டையைப் பிரித்தேன். மூன்று கட்டி எடுத்துப் பற்றவைத்தேன். பாப்பாயியை ஐந்தரைக்கே வரச் சொல்லியிருந்தேன். முக்காலியில் அவளை உட்காரவைத்து, நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவளுக்கு ஜெபமாலை தெரியாது. நான் சொன்னேன். நாலாவது மணியில் எழுந்துவிட்டாள். இருமல் அடங்க நேரமானது.

"வேண்டாமுங்க்கா. அன்னிக்கு நான் சொன்ன அதே நாத்தமுங்க. மண்டையில குத்துது. உங்களுக்கு அடிக்கலீங்களா?"

"இல்ல பாப்பாயி."

அவள் ஆச்சரியப்படவே இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியுமுங்க்கா. ஆடி மாசம் மீன் கொழம்பு தீஞ்சு ஊடே பொகஞ்சுது. நீங்க பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்க" என்றாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னனுங்களே. கஞ்சியக் கெளறச் சொன்னீங்க."

அவள் தண்ணீர் ஊற்றி அடுப்பை அணைத்தாள்.

பூசைக்குப் போய்விட்டு அப்படியே முத்தாயம்மாள் வீட்டுக்குப் போனேன். கொட்டகை கழுவிக் கிடந்தது. குடிநீர்க் குடுவைகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார். நாளைக்குக் குமரன் வருகிறாராம், கம்பெனித் தட்டுகளையும் தராசையும் எடுத்துப் போக. எனக்கு மோர் கொடுத்தார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், அன்றைக்குக் கொட்டகையில் நெடி ஏதாவது அடித்ததா என்றேன்.

"அடிச்சுது சாமி. கண்ணெல்லாம் எரிஞ்சுது. ஒருக்கா வெளிய வந்து நின்னுட்டுக்கூடப் போனேன். எனக்குத்தான் சளியாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன். உம்பட கரியாச்சே, அது நாறுமா?"

நான் மோரைக் குடித்து முடித்தேன். அவர் மருமகளிடம், இந்த வெயிலில் அக்கறையாகப் பார்க்க வந்திருக்கிறேன் என்று என்னைப் பற்றிச் சொன்னார். கிளம்பும்போது கட்டிக்கொடுத்த முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.  பாப்பாயி தன் மூக்கை நம்பினாள், நான் தடுத்தேன். முத்தாயம்மாள் தன் மூக்கையே நம்பாமல் என்னை நம்பிவிட்டார். வழியெல்லாம் இதுவேதான். வீட்டுக்குள் வந்தும் உட்காரவில்லை. சமையலறைக்கும் களத்துக்குமாக எத்தனை நடை நடந்தேன் என்று தெரியாது. பிறகு உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கியதும் கால் நின்றுவிட்டது.

நாளைக் காலை குமரன் வருவதற்கு முன்னால் நான் அங்கே இருப்பேன். அந்த மூட்டையிலிருந்து கட்டிகளை எடுத்து, படுதாவை இறக்கி, அவர் முன்னால் பற்றவைப்பேன். அவர் எழுந்து வெளியே ஓடும்வரை அங்கேயே நிற்பேன். பிறகு சீட்டில் இருப்பது யார் கையெழுத்து என்றும், அவளுக்கு ஜூலையிலிருந்து மூக்கு இல்லை என்றும் சொல்வேன். முதல் தாளை எழுதிய கையாலேயே இரண்டாவது தாளும் எழுதச் சொல்வேன். அதன் பிறகு இந்தப் பக்கத்துப் பண்ணை எதுவும் என்னிடம் கரி எடுக்காது. டோனி மெஷினை விற்கலாம் என்பார். விற்க வேண்டியிருக்கலாம். விற்காவிட்டால் முக்காலி பாப்பாயிக்கு. கையெழுத்தும் அவளுடையது. அவளுக்குத் தன் பெயர் மட்டும் எழுதத் தெரியும். அது போதும்.

இதை டோனியிடம் சொல்லவில்லை. பாப்பாயிக்குத் தெரியாது. உனக்குச் சொல்கிறேன், ஆனால் நீயும் ஏப்ரல்வரை கேட்கப் போவதில்லை. யாராவது ஒருத்தர் இன்றே கேட்டால் என்னைத் தடுத்துவிடுவார்கள், அல்லது நல்லவள் என்று சொல்லிவிடுவார்கள். இரண்டையும் என்னால் இன்றைக்குத் தாங்க முடியாது.

மூட்டையை ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் ஏற்றி, கயிறு கட்டிவிட்டேன். பாப்பாயி வீட்டுக்குக் கிளம்பியவள் நின்று பார்த்தாள்.

"எங்கீங்க்கா லோடு?"

"சும்மா" என்றேன். அவள் குனிந்து கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டுப் போனாள்.

உன் தங்கை
வினோலியா